மிஞ்சிய பசளை எங்கே போகின்றது?



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஆறு என்று சொல்லிக்கொள்ள நமக்குள்ளது வழுக்கையாறு. அதுவும் மாரியில் மட்டுமே ஓடுவது. தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகச் சென்று, அராலியிலே கடனீரேரியைச் சேர்கின்றது. இருமருங்கும் வயல்கள், தோட்டங்கள். அவற்றில் நாம் இடுவது எதுவோ, அதன் மிச்சம் அந்நீரைச் சேர்கின்றது.

50 கிலோ யூரியா மூடையிலே 23 கிலோ நைதரசன் உண்டு. அதிலே பயிர் உண்பது ஒரு பகுதியே. மிஞ்சியது மறைந்தா போகின்றது? சிறிது காற்றோடு கலக்கின்றது. ஏனையது நைத்திரேற்றாக மாறி மழைநீரிலே கரைகின்றது. பொசுபேற்றோ, அரித்துச் செல்லும் மண்ணைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றது. இவையிரண்டும் நீரைச் சேர்ந்தால் பயிருக்குப் பதிலாகப் பாசி செழிக்கும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைகின்றது. மீன் மூச்சற்று மடிகின்றது.

ஆற்றோடு ஓடியது கண்ணுக்குத் தெரியும். நிலத்துள் இறங்கியது தெரியாது. நமது செம்மண் நீரை விரைந்து உள்ளே விடுவது. அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. ஆகவே, வெங்காயத்துக்கு இட்ட உப்பு கிணற்றிலே வந்து நிற்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நமது தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதனைத் தாண்டியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் கண்டறிந்தனர். அத்தகைய நீரிலே கரைத்த மாப்பால் கைக்குழந்தையின் குருதியைக் கெடுத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யவல்லது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

கமக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இங்கே வரவில்லை. கிணற்றருகே மலக்குழி வெட்டிய படித்தவர் வீடுகளுக்கும் இதிலே பங்குண்டு. தடையொன்றே மருந்து என்போருக்கும் ஒரு சொல்: 2021 மே மாதத்திலே அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது, நவம்பரிலே அத்தடையை விலக்கியது. இடையில் வந்த நட்டத்தைச் சுமந்தவன் கமக்காரனே.

நாம் வேண்டுவது தடையன்று, அளவு. மண்ணைச் சோதித்துப் பசளையிடுவோம். ஒரேயடியாகக் கொட்டாமல், பயிரின் பருவமறிந்து பகுதி பகுதியாக இடுவோம். பெருமழைக்கு முன் தூவாதிருப்போம். ஆற்றோரத்திலே சில முழமாவது புல்லுக்கு விடுவோம். பூவரசங் குழை தாழ்த்தலும் பட்டி கட்டலும் நம் முன்னோர் கைக்கொண்ட முறைகள், அவற்றை மீட்போம். மருத்துவரும் பொறியியலாளரும் ஆசிரியரும் ஊர்க் கிணறுகளைச் சோதிக்கத் துணை நின்று, முடிவை ஊரவர்க்கே தமிழில் விளக்கிச் சொல்லட்டும்.

நம்மூர்க் காணி உறுதிகளிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கையும் எழுதுவது வழக்கம். நாம் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் அந்தப் பங்கு, அவர்கள் அள்ளிக் குடிக்கத்தக்க நீராக இருத்தல் வேண்டும். அதற்கான பொறுப்பு நம்முடையதே.