தொழிற்சாலையில் நமது இடம்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் கல்வி என்னும் ஒரே விதையை விதைத்து வந்துள்ளது. அதினின்று ஆசிரியர்களும் எழுத்தர்களும் செவிலியரும் தோன்றினர். பெருமைப்படுகிறோம். ஆயினும், நம் ஊரைச் சுற்றி இயங்கும் தொழிற்சாலைகளில் நம்மவர் எந்த இடத்தில் இருக்கின்றனர் என்பதை இவ்விழா நாளிலேனும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நாம் வாழ்வது பாலாற்றங்கரை. இராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலந்தொட்டே, அத்தொழிலில் ஈரமும் நாற்றமும் மிகுந்த வேலைகள் நம்மவர் கைகளுக்கு வந்தன. சுண்ணாம்புக் குழியில் நம் பாட்டனார் நின்றனர். ஏழை இசுலாமியத் தோழர்களும் உடன் நின்றனர். தோலைத் தரம் பிரித்து விலை பேசும் இடத்தில் நாம் இருந்ததில்லை.

1970களில் அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, தோலை முழுமையாக்கிய பொருளாக அனுப்புவதை ஊக்குவித்தது. காலணி ஆலைகள் பெருகின. நம் மகளிர் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தனர். ஊதியம் வந்தது, உரிமை வரவில்லை.

அக்குழியிலிருந்து பிள்ளைகளைத் தப்புவிக்கவே நாம் அவர்களைப் படிக்க வைத்தோம். அது தவறன்று. பிறப்பு விதித்த தொழிலை விட்டு வேறு தொழிலுக்குச் செல்ல விடாத சாதியே வேலையின்மைக்கு ஒரு காரணம் என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துரைத்தார். எனவே, பாட்டன் செய்ததையே பேரனும் செய்க என நாம் கூற மாட்டோம். ஆனால், நம் படித்த பிள்ளைகள் விலகிச் சென்ற காலத்தில்தான் அத்தொழிலுக்குள் வேதியியல் ஆய்வுக்கூடமும், வடிவமைப்புக் கூடமும், ஏற்றுமதி அலுவலகமும் வந்தன. குழி இருந்தபோது நாம் இருந்தோம். நாற்காலி வந்தபோது நாம் இல்லை. இதுவே நம் மனத்தை உறுத்துவது.

தனியார் ஆலைகளின் வேலைகளுக்கு இட ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லை. எனினும் கதவுகள் யாவும் அடைபட்டுவிடவில்லை. மூன்று வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, பயிற்சி. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில், 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட்டன. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவர்? 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலும் தொலைவில் இல்லை. பாலாற்று மாசு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆலை நடத்த இயலாது. அந்நிலையங்களின் ஆய்வுக்கூடத்தில் நம் பட்டதாரி அமரவேண்டும். கழிவுத் தொட்டிக்குள் நம் இளைஞன் இறங்கும் கொடுமை ஒழியவேண்டும்.

இரண்டாவது, சிறுதொழில். ஒரு காலணிக்கு அடிப்பாகம், உள்துணி, நாடா, அட்டைப்பெட்டி எனப் பல பொருள்கள் வேண்டும். பத்துத் தையல் இயந்திரங்களுடன் மேற்பகுதி தைத்துக் கொடுக்கும் கூடம் தொடங்கலாம். பல்லாண்டுகள் ஆலையில் தைத்த நம் சகோதரியர்க்கு அத்தொழிலின் நுணுக்கம் தெரியும். முதலும் கணக்கறிவும்தாம் தேவை. தமிழக அரசு 2023இல் வகுத்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும், கடன் வட்டியில் 6 விழுக்காடு சலுகையும் அளிப்பது. மாவட்டத் தொழில் மையத்தின் படிக்கட்டு நமக்குப் பழக்கமாகட்டும்.

மூன்றாவது, சந்தை. 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற இலக்கு வகுக்கப்பட்டது. இராணிப்பேட்டையிலேயே பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை உள்ளது. தொழிலாளர்க்குக் கையுறையும் பாதுகாப்புக் காலணியும் வேண்டாத ஆலை ஏது? அவற்றைச் செய்யும் கைகள் நம்மிடம் உள்ளன. ஒப்பந்தப்புள்ளி எழுதும் கைகளையும் உருவாக்குவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சலுகைக்காக நம் பெயரை இரவல் கேட்போர் வருவர். பத்திரத்தில் நாம் உரிமையாளர். பணப்பெட்டியின் சாவியோ அவரிடம். கடன் தவறினால் வங்கியின் அறிவிப்பு நம் வீட்டுக்கே வரும். சில ஆயிரங்களுக்குப் பெயரை விற்பது, நம் பின்னோரின் வாய்ப்பையே விற்பதாகும்.

இளைஞர்களே! தோல் என்றால் முகம் சுளிக்கும் சமூகத்தின் வெட்கம் நமக்கு வேண்டாம். இழிவு தொழிலில் இல்லை. அதனைப் பிறப்போடு பிணைத்த கொடுமையில்தான் உள்ளது. விரும்பினால் அத்தொழிலுக்கு உரிமையாளராகச் செல்லுங்கள். விரும்பாவிடின் வேறு தொழிலில் உயருங்கள். தேர்வு உங்களுடையதாகட்டும்.

நம் கழகம் மாதம் ஒரு நாள் தொழில் வழிகாட்டும் அமர்வு நடத்தட்டும். விண்ணப்பம் நிரப்பவும் திட்ட அறிக்கை எழுதவும் படித்தோர் உதவட்டும். வெள்ளி விழாவில் நம் ஆசிரியர்களை எண்ணி மகிழ்ந்தோம். பொன் விழாவில் பிறர்க்கும் வேலை தரும் நம்மவரை எண்ணி மகிழ்வோமாக!