முன்வரிசை உபசாரமும் விசுவாசத்தின் விலையும்

(சங்கத்தின் தில்லிக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கிளைச் செயலாளர் என்னிடம் தலைப்பைச் சொன்னபோது எனக்கே சற்று ஆச்சரியமாக இருந்தது. ஓய்வூதியம், வருமான வரி என்று ஏதாவது பேசச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "ஸார், நம் அங்கத்தினர்களில் பாதிப்பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில். அவர்கள் பிஸினஸ் வகுப்பில் டிக்கெட் எடுத்து அனுப்புகிறார்கள். எந்த விமானம் நல்லது, இந்தப் புள்ளி, மைல் என்பதெல்லாம் என்ன, கொஞ்சம் விளக்குங்கள்" என்றார். நியாயமான கோரிக்கைதான்.

நான் பரம்பரைப் பணக்காரப் பிரயாணி அல்ல. உத்தியோகத்தின் கடைசிச் சில வருஷங்களில் இணைச் செயலாளர் பதவிக்கு உரிய தகுதியால் விமானத்தின் முன்பக்கம் உட்கார்ந்தவன். ஓய்வு பெற்றபின் பிள்ளையின் புண்ணியத்தில் உட்காருகிறவன். இரண்டு சமயத்திலும் பணம் என்னுடையதல்ல. இன்றைய விஷயத்துக்கு அதுவே முக்கியமான தகுதி என்று நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். 1978-ல் அமெரிக்க அரசு உள்நாட்டு விமானத் துறையின் மீதிருந்த கட்டுப்பாடுகளை நீக்கியது. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விமானத்தில் ஒரே ஊருக்குப் போட்டி போட்டுக்கொண்டு பறந்தன. வாடிக்கையாளரைக் கட்டி வைப்பது எப்படி? 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பறந்த மைல்களைக் கணக்கில் சேர்த்து, ஓர் அளவு சேர்ந்ததும் இலவச டிக்கெட் கொடுத்தார்கள். மற்றவர்களும் உடனே பின்பற்றினார்கள். இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். உத்தியோக நிமித்தமாகப் பறப்பவருக்கு டிக்கெட் பணம் கொடுப்பவர் முதலாளி. எந்த விமானம் என்று தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் பிரயாணி. வெகுமதியோ பிரயாணியின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. முதலாளி பணத்தில் சிப்பந்திக்கு ஒரு சிறு தட்சிணை. முன்வரிசை டிக்கெட் விலை சாதா வகுப்பைவிடப் பல மடங்கு என்பதால் அங்கே உட்காருபவருக்குத் தட்சிணையும் அதிகம்.

நம் அரசாங்கம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பின் 2008 செப்டம்பரில் வந்த பயணப்படி ஆணையில் தெளிவாக ஒரு விதி இருந்தது. அலுவலகப் பயணத்தில் கிடைக்கும் மைலேஜ் புள்ளிகளை இலாகாவின் வேறு அலுவலகப் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும். சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் இலாகா நடவடிக்கை எடுக்கப்படும். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின் 2017-ல் வந்த ஆணையிலும் அதே விதி தொடர்ந்தது. அந்தக் காலத்தில் என் சகாக்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். "புள்ளி என் பெயரில் அல்லவா இருக்கிறது, ராஷ்டிரபதி பெயரிலா இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். என் பெயரில் சேர்ந்த புள்ளிகளை நான் இலாகாப் பயணத்துக்கே எழுதிக்கொடுத்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. விதி அப்படி, அவ்வளவுதான்.

மற்ற தேசங்களில் இதற்கு வெவ்வேறு பதில் கிடைத்தது. ஜெர்மனியில் 2002-ல் பெரிய அமளியே நடந்தது. பதவி நிமித்தம் பறந்து சேர்த்த லுஃப்தான்ஸா மைல்களைச் சொந்தப் பயணத்துக்கு உபயோகித்தார்கள் என்று சில அரசியல்வாதிகள் மீது பத்திரிகைகள் எழுதின. பெர்லின் மாநில அமைச்சராக இருந்த கிரெகோர் கிஸி பதவியை விட்டார். பசுமைக் கட்சியின் ஜெம் ஓஸ்டெமிரும் தம் கட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2001 டிசம்பரில், அமெரிக்கா நேர் எதிராகச் சட்டம் செய்தது. மத்திய அரசு ஊழியர் அலுவலகப் பயணத்தில் சேர்த்த மைல்களைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றது. ஜெர்மன் வழி எனக்குப் பிடிக்கிறது. அமெரிக்க வழி நடைமுறைக்கு எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். யார் உட்கார்ந்து கணக்கெழுதுவது?

எங்கள் காலத்தில் விசுவாசம் என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தமும் இருந்தது. 2009 ஜூலை முதல் அரசுச் செலவில் பறப்பவர்கள் ஏர் இந்தியாவில்தான் பறக்க வேண்டும் என்று ஆணை. இது கட்டாய பக்தி. அதே வருஷம் செப்டம்பரில் சிக்கன நடவடிக்கை வந்து, அமைச்சர்களும் அதிகாரிகளும் சாதா வகுப்புக்கு மாறினார்கள். அப்போது ஒரு ராஜாங்க அமைச்சர் அதை மாட்டு வகுப்பு என்று வேடிக்கையாக எழுதப்போய், தேசமே இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேசியது நினைவிருக்கும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே தொங்கும் அந்தத் துணித் திரைக்கு எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

தனியார் விமானங்களின் கதை உங்களுக்குத் தெரியும். ஜெட் ஏர்வேஸ் 1993 மே மாதம் பறக்க ஆரம்பித்தது. பம்பாய்க்கும் சென்னைக்கும் அடிக்கடி போய்வந்த நம்மவர்கள் அதன் உபசாரத்தில் மயங்கிப் போனார்கள். கிங்ஃபிஷர் 2005 மே மாதம் வந்தது. சாதா வகுப்பிலேயே ஒவ்வொரு இருக்கைக்கும் தொலைக்காட்சி வைத்தது. 2012 அக்டோபரில் அது நின்றபோது 'கிங் கிளப்' புள்ளிகளும் அதோடு போயின. 2019 ஏப்ரல் 17 இரவு ஜெட் நின்றது. ஆனால் அதன் புள்ளித் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்தது, அதில் எதிஹாட் நிறுவனத்துக்குப் பாதிக்கு மேல் பங்கு இருந்தது. அதனால் விமானம் போயும் புள்ளி மிஞ்சியது. அதே வருஷம் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. ஆன்மா அழியாது, சரீரம்தான் அழியும் என்பதற்கு இதைவிட லௌகீகமான உதாரணம் கிடைக்காது. விஸ்தாரா 2015 ஜனவரியில் தொடங்கி 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதன் பிரயாணிகளின் புள்ளிகள் ஏர் இந்தியாவுக்கு மாற்றப்பட்டன. அந்தத் திட்டம் 2025 முதல் மஹாராஜா கிளப் என்ற பெயரில் இருக்கிறது. ஆனாலும் பழைய விஸ்தாரா பக்தர்கள், விமான எண் 2-ல் தொடங்குகிறதா என்று பார்த்து டிக்கெட் எடுப்பதைக் கண்டிருக்கிறேன். இணைப்புக்குப் பின் அந்த விமானங்களுக்கு அப்படி எண் கொடுத்தார்கள். நிறுவனம் மறைந்தபின்னும் அதன் விமானத்தைத் தேடுகிறார்களே, உண்மையான விசுவாசம் அதுதான். அதற்குப் புள்ளி கிடையாது.

இப்போது கொஞ்சம் பணக் கணக்கு. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் நிறுவனம் கடனுக்கு எதை அடமானம் வைத்தது தெரியுமா? விமானத்தை அல்ல, தன் புள்ளித் திட்டத்தை. அதற்குச் சுமார் 2,190 கோடி டாலர் என்று மதிப்புப் போட்டு 680 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். அன்றைய பங்குச் சந்தை விலையில் மொத்த நிறுவனத்தின் மதிப்பே அதைவிடக் குறைவு. டெல்டா நிறுவனத்துக்கு 2023-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் சுமார் 680 கோடி டாலர் கொடுத்தது. கடன் அட்டைக்காரர்கள் மொத்தமாகப் புள்ளிகளை வாங்கித் தங்கள் வாடிக்கையாளருக்கு விநியோகிக்கிறார்கள். விமான நிறுவனம் ஒரு நாணயத்தை அச்சிடுகிறது. அதன் மதிப்பை அதுவே நிர்ணயிக்கிறது. ரிசர்வ் வங்கி என்று யாரும் இல்லை.

அந்த அதிகாரத்தின் அர்த்தம் எங்கள் அகத்தில் தெரிந்தது. பேரனுக்கு நியூஜெர்ஸியில் உபநயனம். என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பதினைந்து மணி நேரம் காலை மடக்கி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை ஏழு வருஷம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த புள்ளிகள் இரண்டு முன்வரிசை டிக்கெட்டுக்குச் சரியாக இருந்தன. முகூர்த்தம் நிச்சயமாகித் தேதி சொல்வதற்குள், அந்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) டிக்கெட்டுக்கு வேண்டிய புள்ளிகளை உயர்த்திவிட்டது. முன்கூட்டி ஒரு வரி அறிவிப்புக்கூட இல்லை. இரண்டு டிக்கெட் ஒன்றாகச் சுருங்கியது. பிள்ளை தொலைபேசியில், "அப்பா, உங்களுக்கு நான் பணம் கொடுத்து எடுத்துவிடுகிறேன்" என்றான். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, வேண்டாம் என்றேன்.

அவள் முன்னால், நான் முப்பத்தோராவது வரிசையில். நடுராத்திரி கைத்தடியோடு நடந்து வந்து, "எனக்குத் தூக்கம் ஆயிற்று. நீங்கள் போய்க் கொஞ்சம் படுங்கோ" என்றாள். விமானப் பணிப்பெண் வெகு மரியாதையாக, இடம் மாற விதி அனுமதிக்காது என்றாள். விதியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, சரி என்றேன். என் மனைவிதான் அந்தப் பெண்ணோடு ஐந்து நிமிஷம் வாதாடினாள். கடைசியில் அந்தப் பெண் முன்வரிசையிலிருந்து ஒரு கனமான போர்வையும் தலையணையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். எந்தப் புள்ளித் திட்டத்திலும் அது எழுதியிருக்காது.

உபசாரத்தை ஒப்பிடுவது என்றால் சாப்பாட்டையும் புன்னகையையும் மட்டும் பார்க்காதீர்கள். நான் பௌதிகம் படித்தவன். எனக்கு முதல் கேள்வி கோணம். முழுத் தட்டையாக விரியும் படுக்கையை பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-ல் பிஸினஸ் வகுப்புக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகும் பல நிறுவனங்கள் 'படுக்கை' என்று சொல்லிச் சாய்வான பலகையையே விற்றன. பத்து டிகிரி சாய்வு என்றால் எடையில் சுமார் 17 சதவீதம் சரிவின் வழியே இழுக்கும். 70 கிலோ ஆசாமியை ராத்திரி முழுவதும் 12 கிலோ கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. காலையில் முழங்கால் ஏன் வலிக்கிறது என்று கேட்பார்கள்! ஆகவே 'முழுத் தட்டையா' என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இரண்டாவது, காற்றழுத்தம். பழைய ரக விமானங்களில் உள்ளே அழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் குறையலாம். அது உதகமண்டலத்துக்கும் மேலே. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் சுமார் 6,000 அடி, அதாவது குன்னூர். நம் வயசில் உதகைக்கும் குன்னூருக்கும் மூச்சில் வித்தியாசம் தெரியும். விசேஷம் என்னவென்றால் இந்தச் சலுகை முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒன்றுதான். ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்க்குமுன் விமானத்தின் ரகத்தைப் பாருங்கள்.

ருசி விஷயம்: வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகின்றன. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் லுஃப்தான்ஸாவுக்காக இதை ஆராய்ந்தார்கள். தக்காளிச் சாறு மட்டும் மேலே நன்றாக ருசிக்கிறதாம். அப்படியானால் தக்காளி ரசம் கொடுத்தால் என்ன? ஒரு நிறுவனத்துக்கும் இன்னும் தோன்றவில்லை.

நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'ஹிந்து உணவு' என்று பதிவு செய்யாதீர்கள், எச்.என்.எம்.எல். என்ற அந்தக் குறியீட்டில் மாமிசம் வரும். நமக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல். வெங்காயம், பூண்டு கூடாதென்றால் ஜைன உணவு, வி.ஜே.எம்.எல்.

இன்னொன்று: முன்வரிசை டிக்கெட் கையில் இருக்க, இடமில்லை என்று பின்னால் அனுப்பினால் பேசாமல் போகாதீர்கள். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, உள்நாட்டுப் பயணமானால் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்பத் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை 30, 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம்.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு, 'எது நல்ல விமானம்' என்று நம் வீடுகளில் கேட்கும்போது தொனியே மாறியிருக்கிறது. அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு மெத்தையும் சாப்பாடும் பதிலாகாது.

கடைசியாக, உங்கள் பெயரில் புள்ளிகள் இருந்தால் கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் ஆத்துக்காரிக்குத் தெரியட்டும். பல திட்டங்களில் புள்ளிகள் சொத்தல்ல. கணக்குக்காரர் காலமானால் வாரிசுக்குத் தானாகப் போகாது. சில நிறுவனங்கள் மரணச் சான்றிதழோடு மனுக் கொடுத்தால் மாற்றித் தருகின்றன. காலாவதித் தேதியும் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சேர்க்கும் மைல்களுக்கு மூன்று வருஷம்தான் ஆயுசு.

(உரைக்குப் பின் ஒரு மாமி, தயிர் சாதம் எடுத்துப்போகலாமா என்று கேட்டார்.) மாமி, கெட்டியாகப் பிசைந்து எடுத்துப் போங்கள். தனித் தயிராக இருந்தால் நூறு மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஊறுகாயைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள், அமெரிக்காவில் இறங்கும்போது படிவத்தில் எழுதிவிடுங்கள். நாங்கள் நியூஜெர்ஸி போனபோது இரண்டு டப்பா கொண்டுபோனோம். ஒன்று முன்னால், ஒன்று முப்பத்தோராவது வரிசையில்.