முகம் மீட்ட மருத்துவர்: ஹெரால்டு கில்லீஸின் வாழ்வும் ஆக்கங்களும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவக் கல்வியை நாடும் பிள்ளைகள் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கட்குப் பயன்படுமாறு ஒரு மருத்துவரின் வாழ்வைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். நான் தேர்ந்தெடுத்தவர் சர் ஹெரால்டு கில்லீஸ். ஒட்டுறுப்பு அறுவை மருத்துவம் என்றும், பேச்சு வழக்கில் பிளாஸ்டிக் சர்ஜரி என்றும் நாம் வழங்கும் துறைக்கு இக்காலத்தில் தந்தை எனப் போற்றப்படுபவர் அவர். அழகைக் கூட்டுவதற்கெனச் செல்வந்தர் செய்துகொள்ளும் சிகிச்சை என்றே பலர் இத்துறையை எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழுமையானதன்று. ‘பிளாஸ்டிக்’ என்னும் சொல் இங்கே நெகிழியைக் குறிப்பதன்று. வடிவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்தது. இழந்த வடிவத்தை மீளவும் அமைப்பதே இத்துறையின் உயிர்.

பிறப்பும் கல்வியும்

கில்லீஸ் 1882-ஆம் ஆண்டு நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையிலும் பயின்றார். படகுப் போட்டியில் தம் பல்கலைக்கழகத்திற்காகத் துடுப்பு வலித்தார், கோல்ஃப் ஆட்டத்தில் பெயர் பெற்றார், ஓவியம் தீட்டினார். 1910-இல் அறுவை மருத்துவத்தின் உயர் தகுதியை அடைந்து, காது மூக்குத் தொண்டை மருத்துவராகத் தொழில் தொடங்கினார். அமைதியான, வருவாய் மிக்க வாழ்வு அவருக்குக் காத்திருந்தது. முதல் உலகப் போர் அதனைத் திசை திருப்பியது.

போர்க்களம் தந்த பள்ளி

1915-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பிரான்சு சென்றார். பதுங்குகுழிப் போர் நிகழ்ந்த காலம் அது. உடல் மண்ணுள் மறைந்திருக்க, தலை மட்டும் மேலே தெரியும். ஆகவே குண்டுச் சிதறல்கள் முகத்தையே மிகுதியும் தாக்கின. தாடை பெயர்ந்தவர், மூக்கு இழந்தவர், இமை கருகியவர் எனப் பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர். ஆயினும் உண்ணவும் பேசவும் இயலாதவராயினர். புண்ணின் ஓரங்களை இழுத்துத் தைத்து அனுப்புவதே அன்றைய வழக்கம். புண் ஆறுங்கால் தழும்பு சுருங்கி முகத்தை மேலும் கோணலாக்கும்.

அங்கே சார்லஸ் வலாடியே என்னும் பல் மருத்துவர் சிதைந்த தாடைகளைச் சீர்செய்வதைக் கில்லீஸ் அருகிருந்து கண்டார். பாரிசு நகரில் இப்போலித் மொரெஸ்தேன் என்னும் அறுவை மருத்துவர், ஒரு நோயாளியின் முகத்தினின்று புற்றுக்கட்டியை அகற்றி, அக்குழியை அண்டைத் தோலை நகர்த்தி மூடியதைக் கண்டு வியந்தார். தம் வாழ்நாட் பணி இதுவே எனத் தெளிந்தார். நாடு திரும்பி அதிகாரிகளை வற்புறுத்தியதன் பயனாக, 1916-இல் ஆல்டர்ஷாட் இராணுவ மருத்துவமனையில் முகக்காயங்கட்கெனத் தனிப் பிரிவு தோன்றியது.

காயமுற்றோர் பல மருத்துவமனைகளுக்குச் சிதறிச் சென்றுவிட்டால் யாது செய்வது? கில்லீஸ் ஓர் எளிய வழி கண்டார். தம் கைப்பணத்தில் பத்துப் பவுண்டுக்கு முகவரிச் சீட்டுகள் வாங்கி, அவற்றில் ஆல்டர்ஷாட் முகவரியை எழுதி, போர்முனையில் காயமுற்றோர் மேல் கட்டுமாறு அனுப்பி வைத்தார். 1916 சூலையில் சோம் ஆற்றங்கரைப் போர் தொடங்கியது. இருநூறு பேரை எதிர்நோக்கிய இடத்திற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வந்து சேர்ந்தனர்.

இடம் போதாமையால் 1917-இல் கென்ட் மாவட்டத்தின் சிட்கப் என்னும் ஊரில் குவீன்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அவரும் உடன்பணியாளரும் சில ஆண்டுகளில் ஐயாயிரம் வீரர்களுக்குப் பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தனர்.

குழல் மடல்

அவருடைய ஆக்கங்களுள் தலையாயதை இப்போது விளக்க விரும்புகிறேன். இழந்த இடத்தை மூடத் தோல் வேண்டும். மெல்லிய தோலை முற்றாக வெட்டி எடுத்து ஒட்டினால், பெரிய பள்ளங்களில் அது நிலைப்பதில்லை. ஆகவே மார்பிலோ நெற்றியிலோ ஒரு மடலை உயர்த்தி, ஒரு முனை உடலோடு இணைந்திருக்கவே, மறுமுனையைக் காயத்தில் தைப்பர். இணைந்த முனை வழியே குருதி ஓடும். சில வாரங்களில் புதிய இடத்திலிருந்தும் குருதி நாளங்கள் அதனுள் வளர்ந்துவிடும். பின்னர் பழைய இணைப்பை அறுத்துவிடலாம்.

இம்முறையில் ஓர் இடர் இருந்தது. மடலின் அடிப்புறம் தோலற்ற பச்சைப் புண்ணாகத் திறந்து கிடக்கும். பெனிசிலின் கண்டறியப்படாத காலம் அது. சீழ் பிடித்து மடல் அழுகுவது இயல்பாக நிகழ்ந்தது.

1917 அக்டோபர் 3-ஆம் நாள், ஜட்லாந்துக் கடற்போரில் முகம் வெந்த வில்லி விக்கரேஜ் என்னும் மாலுமிக்குக் கில்லீஸ் அறுவை செய்தார். மார்பினின்று உயர்த்திய தோற்பட்டைகளின் ஓரங்கள் தாமாகவே உட்புறம் சுருள்வதைக் கண்டார். சுருளும் ஓரங்களை ஒன்றோடொன்று தைத்தால் என்ன என்னும் எண்ணம் தோன்றியது. தைத்தார்; பட்டை குழலாயிற்று. பச்சைப் புண் குழலின் உள்ளே மறைந்தது. தோல் வெளிப்புறம் சூழ்ந்து காத்தது. கிருமி புக வழியில்லை, குருதியோட்டமும் காக்கப்பட்டது. தோலின் இயல்பைத் தடுக்காது, அதன் போக்கிலேயே சென்று கண்ட வழி இது.

குழலின் ஒரு முனையை அறுத்துச் சற்று அப்பால் பதித்து, அது வேர் பிடித்தபின் மறுமுனையை நகர்த்தி, கம்பளிப்புழு ஊர்வதுபோல் வயிற்றுத் தோலையும் படிப்படியாக முகத்திற்குக் கொண்டுவர இயன்றது. ஏறத்தாழ அதே காலத்தில் ஒதெசா நகரில் கண் மருத்துவர் பிலாத்தோவ் என்பவரும் இம்முறையைத் தனியே கண்டறிந்திருந்தார் என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். எனினும் இதனை ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்படுத்தி முறைப்படுத்திய பெருமை கில்லீஸையே சாரும்.

தோல்வி கற்பித்த பொறுமை

அவர் வாழ்வில் வெற்றி மட்டுமே இருந்ததில்லை. ஹென்றி லம்லி என்னும் இளம் வானூர்தி வீரருக்கு முகம் முழுவதும் தீய்ந்திருந்தது. மார்பினின்று பெரிய மடலெடுத்து முகம் முழுவதையும் ஒருங்கே மூடக் கில்லீஸ் முயன்றார். மடல் பிழைக்கவில்லை; 1918-இல் அவ்விளைஞர் உயிரிழந்தார். அத்துயரினின்று கில்லீஸ் ஒரு நெறியைக் கற்றார்: நோயாளியின் உடல் தாங்கும் அளவே மருத்துவனின் வேகம். காத்திருக்கக் கூடிய அறுவையை அவசரப்பட்டு இன்றே செய்தலாகாது எனத் தம் மாணாக்கர்க்கு ஓயாது வலியுறுத்தினார். பின்னாளில் ஒருவர்க்கே ஆண்டுக்கணக்கில், பல கட்டங்களாக அறுவைகள் நிகழ்ந்தன.

பிற ஆக்கங்கள்

கன்ன எலும்பு உள்ளமுங்கிப் போனால், நெற்றிப்பொட்டின் மேல் மயிர்க்கற்றைக்குள் சிறு கீறலிட்டு, அவ்வழியே கருவியைச் செலுத்தி எலும்பை நெம்பித் தூக்கும் முறையை 1927-இல் வெளியிட்டார். முகத்தில் தழும்பே விழாது. விபத்துக்குள்ளாகி வருவோர்க்கு இன்றும் மருத்துவமனைகளில் செய்யப்படுவது இம்முறையே. தைக்கும் ஊசியைப் பற்றுதல், நூலை வெட்டுதல் ஆகிய இரண்டையும் ஒரே கருவியால் செய்யுமாறு அவர் அமைத்த ஊசிப்பிடியும், தோலின் ஓரத்தை நசுக்காது தூக்கும் சிறு கொக்கியும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

அவரது பணி பிறர் ஆக்கங்கட்கும் களமாயிற்று. முகத்தில் அறுவை நிகழும்போது மயக்க மருந்துக்கான மூடியை முகத்தில் எங்ஙனம் வைப்பது? சிட்கப்பில் அவரோடு பணியாற்றிய ஐவன் மகில், ஸ்டான்லி ரௌபாதம் என்னும் மயக்கவியல் மருத்துவர் இருவர், மூச்சுக்குழலினுள் இரப்பர்க் குழாய் செலுத்தி மயக்கம் தரும் முறையை வளர்த்தனர். இன்று உலகெங்கும் பெரிய அறுவைகள் பல இக்குழாயின் துணையாலேயே நடைபெறுகின்றன. ஓவியரும் அறுவை மருத்துவருமான ஹென்றி டாங்க்ஸ், அறுவைக்கு முன்னும் பின்னும் வீரர்தம் முகங்களை வண்ணத்தில் தீட்டி வைத்தார். ஒவ்வோர் அறுவைக்கும் முன் திட்டம் வரைதல் என்னும் ஒழுங்கு அங்கே வேரூன்றியது.

1920-இல் முக அறுவை பற்றிய நூலை வெளியிட்டார். 1930-இல் சர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரித்தானியாவில் இத்துறையில் தேர்ந்தவர் நால்வரே. ஏனைய மூவரான கில்னர், மக்கிண்டோ, மௌலம் ஆகியோர் அவரோடு பணியாற்றித் தேர்ந்தவர்கள். மக்கிண்டோ அவருடைய உறவினரும் ஆவார். 1960-இல் கில்லீஸ் மறைந்தார்.

நம் நாட்டுத் தொடர்பு

இக்கலையின் வேர் நம் நாட்டிலும் ஆழ ஊன்றியுள்ளது. மூக்கை மீட்டமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. 1794-இல் இலண்டன் இதழொன்றில் ஒரு செய்தி வெளிவந்தது. மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரருக்கு, புனே அருகே ஒரு நாட்டு மருத்துவர் நெற்றித் தோலால் புதிய மூக்கு அமைத்ததை அது விவரித்தது. அதைப் படித்த கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் இலண்டனில் அவ்வறுவையைச் செய்தார். இந்திய முறை என்றே இன்றளவும் அது அழைக்கப்படுகின்றது. அந்த நெற்றி மடலைக் கில்லீஸும் கையாண்டார்.

வாங்கியதைக் கில்லீஸ் வட்டியோடு திருப்பித் தந்தார் எனலாம். நோயால் மூக்கு அமிழ்ந்தவர்களை ஆராய்ந்தபோது, வெளித்தோல் கெடவில்லை, உட்சவ்வே அழிந்து சுருங்கியுள்ளது என அவர் கண்டார். ஆகவே மேலுதட்டின் உட்புறமாகச் சென்று, சுருங்கிய மூக்கை விரித்து, உள்ளே புதுத்தோல் பதித்தார். முகத்தில் கீறலே இல்லை. எது இழக்கப்பட்டதோ அதனையே ஈடு செய்க என்பது அவர் கொள்கை. நம் வேலூரில் பால் பிராண்ட் குழுவினர் தொழுநோயாளர்களின் மூக்கைச் சீரமைக்கக் கையாண்டது இம்முறையே. கில்லீஸிடம் பயின்ற நோஷிர் அந்தியா, மும்பையிலும் புனேயிலும் தொழுநோயாளர்க்கு இப்பணியை ஆற்றினார். நோய் குணமான பின்னரும் முகத்தைக் கண்டு ஊர் ஒதுக்கிய மக்கள், அதன்பின் பேருந்தில் ஏறவும் கடையில் நிற்கவும் இயன்றது.

நாம் கொள்ள வேண்டியது

அன்பர்களே! சிட்கப்பில் கில்லீஸின் அறையினும் என் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. மருத்துவமனையினின்று ஊருக்குச் செல்லும் சாலையில் சில இருக்கைகள் நீல வண்ணம் பூசப்பட்டிருந்தன. முகம் சிதைந்தவர் அங்கே அமர்ந்திருக்கக்கூடும் என ஊராரை எச்சரிக்கவே அவ்வண்ணம். நோயாளிகளின் கூடங்களில் கண்ணாடிகள் விலக்கப்பட்டிருந்தன. மருத்துவர் தம் கடமையைச் செய்தார். காண்பவரின் கண்ணுக்கு அவரால் அறுவை செய்ய இயலவில்லை.

நம் இல்லங்களில் அந்த நீல இருக்கை இல்லையா? தீக்காயத் தழும்புடைய பெண்ணை விழாவுக்கு அழைத்து வராது வீட்டிலேயே விட்டு வருவோர் உளர். உதட்டுப் பிளவோடு குழந்தை பிறந்தால், கிரகணத்தின்போது வெளியே வந்தாள் எனத் தாயைப் பழிப்போர் உளர். இது முற்றிலும் தவறு. கருவில் முகப்பகுதிகள் இணையும் வாரங்களில் நிகழும் குறை அது; கிரகணத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. கில்லீஸின் மாணாக்கரும் அவரோடு 1957-இல் பெருநூல் எழுதியவருமான ரால்ஃப் மில்லார்டு, உதட்டுப் பிளவை இயல்பான வடிவோடு மூடும் முறையை வகுத்தார். இன்று குழந்தை பிறந்த சில மாதங்களில் உதட்டையும், ஏறத்தாழ ஓராண்டில் அண்ணத்தையும் சீரமைக்கலாம். காலம் தாழ்த்தினால் பேச்சுத் தெளிவு கெடும்.

தீக்காயம் பட்டவுடன் இருபது நிமிடம் குழாய் நீரில் காட்டுங்கள். மையும் பற்பசையும் மஞ்சளும் பூசாதீர்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள். துணியால் மூடி மருத்துவமனைக்கு விரையுங்கள். புண் ஆறிய பின்னும் தழும்பு இறுகாதிருக்கப் பயிற்சியும் அழுத்த ஆடையும் தேவைப்படும், பாதியில் நிறுத்தலாகாது.

மாணவச் செல்வங்களே! கூர்ந்து நோக்கும் கண்ணும், வரையும் கையும், தோல்வியைத் தாங்கும் நெஞ்சும், காத்திருக்கும் பொறுமையும் உடையோர்க்கு இத்துறை காத்திருக்கின்றது. பெரியோர்களே, தாய்மார்களே! அறுவை மருத்துவராகும் வாய்ப்பு நமக்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் தழும்புடைய ஒருவரை எதிர்ப்படும்போது, தழும்பை நோக்காது அவர் கண்களை நோக்கிப் பேசுவது நம் அனைவர்க்கும் இயலும். அடுத்த விழாவிற்கு அவர்களையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள், முன்வரிசையில் அமர்த்துங்கள்.