தலையில் கரண்ட் வைப்பதில்லை

பத்தாவது படிக்கும் என் மகளுக்கு வலிப்பு வந்தப்போ டாக்டர் இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார். "தலையில கரண்ட் வைப்பாங்க"ன்னு பலரும் பயமுறுத்தினாங்க. அப்படி இல்லைங்க. எண்ணெய்ப் பிசுக்கு போக தலைக்குக் குளிக்கணும். பசை தடவி 20 சில்லறை வட்டுகளை ஒட்டுவாங்க. மூளையில் தானாக ஓடும் மின்சாரத்தை மிஷின் கோடாக எழுதும். உள்ளே எதையும் செலுத்தாது. கண்ணை மூடி இருந்தால் விநாடிக்கு 8 முதல் 13 அலை ஓடும், திறந்தால் அடங்கும். வலிப்பு உள்ளவங்களுக்கு நடுவில் முள் மாதிரி கோடு எழும்பலாம். கண் சிமிட்டினாலும் கோடு ஆடும். அதனால் அசையாமல் படுக்கணும்.

ரிப்போர்ட் 'நார்மல்'. நோய் இல்லைன்னு நானே மாத்திரையை நிறுத்தினேன். பத்தாம் நாள் பிள்ளை அடுப்பங்கரையில் விழுந்தாள். "எடுத்த அரைமணி நேரத்தில் முள் வரலை, அவ்வளவுதாம்மா" என்றார் டாக்டர்.

நான் செய்த தப்பை நீங்க செய்யாதீங்க. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீங்க.