மெழுகு வாங்கித் தந்த கடற்கரை

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பாத்திக் துணி சட்டம் போட்டுத் தொங்குகிறது. அப்பா எப்போதோ சென்னைக்குப் போனபோது வாங்கிவந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அடர்நீலத்தில் மயிரிழை மாதிரி கோடுகள் ஓடும். அவற்றை யாரும் கையால் வரையவில்லை. உருக்கிய மெழுகைத் துணியில் பூசுவார்கள். ஆறியதும் அது வெடிக்கும். சாயத்தில் முக்கும்போது மெழுகு இருக்கிற இடத்தில் நிறம் ஏறாது, அந்த வெடிப்புகளில் மட்டும் கசிந்து இறங்கும்.

இந்த மாதிரித் துணிகளை விற்ற காசில்தான் ஓவியர்கள் சேர்ந்து ஒரு ஊரையே உண்டாக்கினார்கள். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில், 1966இல் பிறந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் அது.

சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை. கெட்டிக்காரப் பிள்ளைகள் படித்து முடிக்கிறார்கள், படம் விலை போவதில்லை, ஏதாவது ஓர் ஆபீசில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் வயிற்றுக்குக் கைவினை, மனசுக்கு ஓவியம் என்று பொழுதைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார். கூட்டாக விற்று, மணற்காட்டை வாங்கி, அங்கேயே குடிபோனார்கள்.

கடலோரம், ஓவியர் என்றதும் பிரான்சின் குளோத் மோனே நினைவுக்கு வருவார். லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியலை அவர் வரைந்த படத்தைக் கேலி செய்யப் போய்த்தான் ‘இம்ப்ரெஷனிஸம்’ என்ற பேரே நிலைத்தது. 1874இல் அவரும் நண்பர்களும் சந்தா கட்டிச் சங்கம் வைத்துத்தான் பாரிஸில் அந்தக் கண்காட்சியை நடத்தினார்கள். ஆளுக்குக் கடன்தான் மிச்சம். அந்த வருஷமே சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். அவர்களிடம் மெழுகு இல்லை என்று எனக்குத் தோன்றும்!

வேடிக்கை என்னவென்றால், இளமையில் வெளியில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டிய பணிக்கர், கடலை வாசலில் வைத்துக்கொண்ட காலத்தில் அதை வரையவில்லை. ஜாதகக் கட்டம், எண்கள், படிக்க முடியாத எழுத்துகள் என்று ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையிலேயே மூழ்கியிருந்தார். கடல் வேண்டியிருந்தது படத்துக்கு அல்ல, மலிவான மனைக்குத்தான் போலிருக்கிறது. வாடகைக்கே பாதிச் சம்பளத்தைக் கொடுக்கிற மும்பைக்காரருக்கு இது புரியாதா? கீழே பட்டறை, மேலே குடித்தனம் என்று வாழ்கிற தாராவிக்காரருக்கு நான் விளக்கவே வேண்டாம்.

அப்பா அந்தத் துணியைப் பிரித்துக் காட்டியபோது அம்மா, “மேசைக்குச் சரியா இருக்கும்” என்றாள். இரண்டு வருஷம் மேசையில்தான் கிடந்தது. வலது ஓரத்தில் காப்பி டம்ளர் வைத்த வட்டம் இன்னும் இருக்கிறது.