மூடி மறைத்த சுவர்

(தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மெக்சிகோ தலைநகரில் ஹோர்ஹே நெக்ரெத்தே நாடக அரங்கம் என்று ஒன்று உண்டு. அது நடிகர் சங்கத்தின் அரங்கம். நாடகக் கலையின் வரலாற்றை அதன் சுவரில் தீட்டித் தருமாறு 1958ல் சங்கம் சிக்கேரோஸ் என்ற ஓவியரைக் கேட்டது. அவர் மெக்சிகோ புரட்சியில் துப்பாக்கி ஏந்தியவர், ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டவர், கம்யூனிஸ்ட்.

அவர் தீட்டிக்கொண்டிருந்த நாட்களில் வெளியே நடந்தது என்ன? ரயில்வே தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். 1959 மார்ச்சில் அரசு ராணுவத்தை ஏவியது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், வேலை இழந்தார்கள். தலைவர் வாயேஹோ சிறையில் தள்ளப்பட்டார். 1970ல்தான் அவர் வெளியே வந்தார்.

மக்களின் துன்பத்தை விட்டுவிட்டு நாடகத்துக்கு ஏது வரலாறு? சிக்கேரோஸ் கண் முன்னால் நடந்ததையே தீட்டினார். தொழிலாளர்மீது பாயும் சிப்பாய்கள். அவர்களின் காலடியில் மிதிபடும் அரசியல் சட்டம்!

சங்கத் தலைமை நடுங்கியது. வேலையை நிறுத்தியது, ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று வழக்குத் தொடுத்தது, ஓவியத்தை மூடி மறைத்தது. கவனியுங்கள் தோழர்களே! மூடியது முதலாளியின் கை அல்ல, ஒரு சங்கத்தின் கை!

அரசியல் கைதிகளை விடுதலை செய் என்று குரல் கொடுத்த ஓவியரையும் அரசு விடவில்லை. 1960 ஆகஸ்டில் கைது செய்தது. எந்தச் சட்டத்தில்? பாசிஸ்ட் கையாட்களை ஒடுக்க என்று சொல்லி 1941ல் கொண்டுவந்த "சமூகச் சீர்குலைவு"ச் சட்டத்தில்! பாசிஸ்டின் பெயரைச் சொல்லித் தீட்டிய கத்தி, தொழிலாளியின் கழுத்தில் இறங்கியது. 1964 ஜூலை வரை அவர் சிறையில் இருந்தார். அங்கும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

நாடெங்கும், உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பிறகே அவர் விடுதலையானார். சுவரின் மறைப்பும் பின்னர் அகற்றப்பட்டது. 1970ல் அந்தக் கறுப்புச் சட்டமும் ரத்தாயிற்று.

சுவரில் இருந்தது பொய்யானால் பதில் சொல்லியிருக்கலாம். பதில் இல்லாதவன்தான் மூடுவான்.

தோழர்களே! சங்கக் கட்டிடம் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது. சங்கமும் நம் கையில் இருக்க வேண்டும். சந்தா கட்டுவதோடு நில்லாதீர்கள். கூட்டத்துக்கு வாருங்கள், கணக்குக் கேளுங்கள், தலைமை தடுமாறினால் எழுந்து நின்று கேள்வி கேளுங்கள். அப்போதுதான் நமது சுவரை எவனும் மூட முடியாது!