திருகோணமலைத் துறைமுகமும் ஒரு தோணியும்



சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பு மாணவர்களிடம் 'எமது துறைமுகம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்படி கூறினேன். வந்த கட்டுரைகள் யாவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். ஒரு மாணவி மட்டும் கடைசி வரியில் ஒரு கேள்வியை எழுதியிருந்தாள். "இவர்கள் எல்லோரும் வந்தபோது இங்கே இருந்த ஆட்கள் என்ன செய்தார்கள், சேர்?" அந்தக் கேள்விதான் இன்றைய உரைக்குக் காரணம்.

வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை முதலிற் பார்ப்போம். மாரியில் வாடைக்காற்று உறைக்கும்போது சோழமண்டலக் கரையிலே போர்க்கப்பல்கள் ஒதுங்குவதற்கு இடமில்லை. சென்னைக் கரையில் நின்ற ஆங்கிலக் கடற்படை பம்பாய்வரை போகவேண்டியிருந்தது. குன்றுகள் சூழ்ந்த, ஆழம் மிக்க எமது உட்துறைமுகத்திலோ எந்தப் பருவத்திலும் அச்சமின்றி நங்கூரமிடலாம். இயற்கை தந்த இந்தக் கொடையே ஊருக்கு வினையாகவும் முடிந்தது.

1622இல் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனுக்கும் கைமாறிற்று. மீண்டும் ஒல்லாந்தர் வசமான கோட்டையில், 1795இல் ஆங்கிலேயர் நிலைகொண்டனர்.

ஆங்கில இலக்கிய வரலாற்றுக்கும் இந்த மண்ணோடு தொடர்புண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், தப்பிச் சென்று எழுதிய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர், கடற்படை அதிகாரி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852இல் பர்மாவில் இறந்து திருகோணமலையிலே அடக்கம் செய்யப்பட்டார். இவர்கள் பெயரெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

1950ஆம் ஆண்டு, ஆலயம் இருந்த இடத்துக்கு அணித்தாகக் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து தெய்வத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. ஆலயம் இடிபட்ட காலத்தில் மறைத்துவைக்கப்பட்டவை என்றே அவற்றைக் கருதுகிறார்கள். 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. பீரங்கிகளோடு வந்தவனின் பெயர் எமக்குத் தெரியும். இருட்டிலே குழி தோண்டித் தெய்வத்தைக் காத்தவனின் பெயர் தெரியாது. இங்கே இருந்தவர்கள் செய்தது அதுதான்.

1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது துறைமுகத்திலே சுமை ஏற்றியவர்களும், சீனன்குடாவிலே வேலை செய்தவர்களும் இருந்தார்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அது நாட்டுக்குப் பெருமை. ஆனால், அந்தத் தளத்தை நம்பி அடுப்பு மூட்டிய குடும்பங்கள் பல தவித்துப்போயின. வரலாற்று நூல்களில் இது ஒரு வரி. வீடுகளில் அது நெடுநாட் பேச்சு.

இந்த மனிதர்களுக்கு இலக்கியமே இடம் கொடுத்தது. மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்ற சிறுகதையைப் பலர் படித்திருப்பீர்கள். சொந்தமாக ஒரு தோணி வேண்டுமென்று ஏங்கும் கடற்கரைப் பையனின் கதை அது. பேரரசுகளின் கப்பல்கள் போட்டியிட்ட அதே நீர்ப்பரப்பின் ஓரத்திலே, ஒரு பிள்ளைக்கு ஒரு தோணி எட்டாக் கனவாக இருந்திருக்கிறது! எந்த ஆவணத்திலும் அகப்படாத உண்மை இது.

நேயர்களே, துறைமுகத்திலும் கடலிலும் பாடுபட்ட தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இன்னும் நம் வீடுகளில் முதியவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் காலம் குறுகிக்கொண்டு வருகிறது. இன்று மாலையே அவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த தலைமுறையின் கட்டுரைகளில் வந்தவர்களோடு இருந்தவர்களும் இடம்பெறட்டும்.